தூக்கிப் போட்ட பெட்டியும் அன்பான மானும்

ஊருக்குப் போக சாமான் கட்டும்போது எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைகளுக்கு வாங்கிய விளையாட்டுச் சாமான்களின் அட்டைப் பெட்டியைப் பிரித்து எறிந்துவிட்டு, உள்ளே இருப்பதை மட்டும் துணிமணிக்கு நடுவே சுருட்டி வைத்துவிடுவேன். இடமும் மிச்சம், எடையும் மிச்சம். வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்களில் பாதிப் பேராவது இதைச் செய்திருப்பீர்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் டோக்கியோவிலிருந்து காரோட்டுக்குப் போனபோதும் அதையேதான் செய்தேன். தங்கச்சி மகனுக்கு அப்போது மூணு வயசு. இங்கே எல்லாரும் கொண்டாடுகிற ஒரு அனிமே வாள்வீரன் உருவம் வாங்கியிருந்தேன். சாண் உயரம்தான் இருக்கும். முடியில் ஒவ்வொரு இழையும் தெரியும், கையில் கழற்றி மாட்டுகிற வாள். விலையைச் சொன்னால் என் அம்மா இரண்டு நாள் சாப்பிட மாட்டாள், அதனால் சொல்லவில்லை :-)

காரோடு எங்கே என்பவர்களுக்கு ஒரு வரி. திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே வருகிற கழக்கூட்டம் - காரோடு பைபாஸ் போய் முடிகிற ஊர். பாறசாலைக்குப் பக்கம், நெய்யாற்றின்கரை தாலுகா. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றது. அதனால் எங்களுக்கு ரேஷன் கார்டு கேரளத்தில், பெண் கொடுக்கல் வாங்கல் கொல்லங்கோட்டிலும் களியக்காவிளையிலும். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், டிவியில் இரண்டும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பொம்மையைக் கையில் கொடுத்துப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது. நான் திண்ணையில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே அம்மாவின் சத்தம்.

"எல மக்களே, வாயில என்னத்தல வச்சிருக்கே? தொற, வாயத் தொற!"

வாளின் கைப்பிடித் துண்டு. கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு சிரித்தான். அம்மா எடுத்துவிட்டாள், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எனக்குக் கையில் இருந்த டம்ளர் ஆடியது. அன்று ராத்திரி இன்னொரு சங்கதி. பொம்மையின் முகத்தில் இருந்த வடுவும் முறைத்த கண்ணும் அவனுக்குப் பிடிக்கவில்லை. "அது என்னப் பாக்குது" என்று அழுது, அதை அலமாரிக்குள் போட்டுப் பூட்டிய பிறகுதான் தூங்கினான்.

மறுநாள் காலையில் தங்கச்சி மெதுவாகத்தான் கேட்டாள். "அண்ணா, இது எத்தன வயசுப் பிள்ளையளுக்கு உள்ளது?"

என்னிடம் பதில் இல்லை. பதில் எழுதியிருந்த பெட்டி டோக்கியோவில் குப்பைத் தொட்டிக்குப் போயிருந்தது.

*

திரும்பி வந்ததும் அதே கடைக்குப் போய் அதே பெட்டியைப் புரட்டினேன். பின்பக்க ஓரத்தில் 15 என்று எண். 15 வயதுக்கு மேல் என்று அர்த்தம். எனக்குக் குழப்பம். அந்தக் கதையை இங்கே ஏழெட்டு வயசுப் பிள்ளைகளே பார்க்கிறார்களே, பொம்மைக்கு மட்டும் ஏன் 15? அந்தக் கேள்வியில்தான் இந்த வரலாறு பிடித்துக்கொண்டது.

விடை இதுதான். ஜப்பான் பொம்மைத் தயாரிப்பாளர் சங்கம் 1971-ல் எஸ்.டி. முத்திரை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான விளையாட்டுச் சாமான்களைச் சோதித்துக் கொடுக்கிற பாதுகாப்பு முத்திரை. அலமாரியில் வைத்து அழகு பார்க்கிற உருவங்கள் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை. அவை வளர்ந்தவர்கள் சேகரிக்கிற பொருள். ஆகவே பெட்டியில் 15 என்று போட்டுவிடுகிறார்கள். கூர்முனை, கழன்று வரும் துண்டு, உடைகிற விரல், இவற்றைக் குறித்த எச்சரிக்கை அது. கதையைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லவில்லை.

ஆக, ஒரு அனிமே பொம்மைக்கு இரண்டு வயது இருக்கிறது. ஒன்று உடம்பு வயது. வாய், மூக்கு, தொண்டை, விரல் இவற்றுக்கு உள்ளது. இன்னொன்று கதை வயது. மனசுக்கும் ராத்திரித் தூக்கத்துக்கும் உள்ளது. நான் ஒரே பொம்மையில் இரண்டையும் கோட்டை விட்டிருந்தேன்.

இந்த இரண்டு வயதும் எப்படி வந்தன, நம் வீட்டுக்கு வரும் வழியில் எப்படித் தொலைந்தன என்பதைத்தான் சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

முதலில் நம் பக்கம். நான் படித்த முதல் பிள்ளைகள் பத்திரிகை அம்புலிமாமா. 1947-ல் தொடங்கியது. களியக்காவிளை போனால் அது கிடைக்கும், பாறசாலையில் பாலரமா கிடைக்கும். எல்லைக்காரனுக்கு இரண்டும் உண்டு. அம்புலிமாமாவில் வயசுப் பிரிவு எதுவும் கிடையாது. ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படத்தை நினைத்துப் பாருங்கள்: தோளில் பிணம், கையில் வாள், நடுக்காட்டில் விக்கிரமாதித்தன். அதையேதான் ஐந்து வயசுக்காரனும் பார்த்தான், ஐம்பது வயசுக்காரரும் பார்த்தார்.

ஆனால் எனக்கு அதை வாசித்துச் சொன்னது என் அம்மச்சி. எங்கே வேகமாகப் போக வேண்டும், எங்கே ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டும், எங்கே "பிணமெல்லாம் சும்மா மக்களே, அது உறங்குது" என்று பொய் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். வயசுக் கட்டுப்பாடு புத்தகத்தில் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

விளையாட்டுச் சாமானும் அப்படியே. ஓலைப் பந்து, ஓலைப் பீப்பி, நுங்கு வண்டி, பாக்குமட்டையில் உட்காரவைத்து இழுப்பது. எதிலும் எண் எழுதியிருக்காது. நுங்கை வெட்டுகிற அரிவாள் பெரியவர் கையில், வண்டி மட்டும் பிள்ளை கையில். ஆணி வைத்த பம்பரம் எப்போது கைக்கு வரும் என்பதை அண்ணன்மார் முடிவு செய்வார்கள். அதற்கு முன்னால் கெஞ்சினாலும் கிடைக்காது.

*

ஜப்பானில் இந்த வேலையைப் பதிப்பகங்கள் எடுத்துக்கொண்டன. 1922-ல் ஷோகாகுகான் என்ற பதிப்பகம் தொடங்கியபோது அது போட்ட முதல் பத்திரிகைகளின் பெயர்களே 'ஐந்தாம் வகுப்பு மாணவர்', 'ஆறாம் வகுப்பு மாணவர்' என்ற பொருளில் இருந்தன. 1925-ல் முதல் வகுப்புக்கும் ஒன்று வந்தது. நம்மூரில் வகுப்புவாரியாக வந்தது கோனார் உரை. அங்கே வகுப்புவாரியாகக் கதைப் பத்திரிகை! ஒவ்வொரு இதழோடும் 'ஃபுரோக்கு' என்ற இலவச இணைப்பு உண்டு. வெட்டி மடித்து ஒட்டுகிற காகித வண்டி, காகித வீடு மாதிரி. எந்த வகுப்புக்காரனின் கை எதைச் செய்யும் என்று பார்த்துத்தான் அதையும் சேர்த்தார்கள். வயசுக்கு ஏற்ற பரிசு என்ற யோசனை ஜப்பானில் காகிதத்தில் வளர்ந்தது என்றே சொல்லலாம்.

நம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த டோரேமான் பிறந்தது இந்த வீட்டில்தான். 1970 ஜனவரி இதழ்களில், ஒரே மாதத்தில் ஆறு பத்திரிகைகளில் டோரேமான் தொடங்கியது. மழலைகளுக்கானவை இரண்டு, ஒன்றாம் வகுப்பு முதல் நாலாம் வகுப்பு வரை நான்கு. ஒரே படத்தை ஆறிலும் போடவில்லை. வரைந்தவரான ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ ஒவ்வொரு வயசுக்கும் தனித்தனியாக வரைந்தார். சின்னதுகளுக்குப் பேச்சு குறைவு, பெரியவர்களுக்குக் கதை கூடுதல். ஒரு மனுஷர் மாதாமாதம் ஆறு விதமான பிள்ளைகளை மனசில் வைத்து வரைந்திருக்கிறார். நான் ஒரே ஒரு பிள்ளையை மனசில் வைத்து ஒரு பொம்மை வாங்கத் தெரியாமல் நின்றேன்.

அந்த வகுப்புவாரிப் பத்திரிகைகள் 2017-க்குள் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. முதல் வகுப்புக்கான பத்திரிகை மட்டும் இன்னமும் வருகிறது, இணைப்புப் பரிசோடு.

*

டிவி வந்ததும் பரிசு காகிதத்திலிருந்து கடைக்கு இடம் மாறியது. 1963 ஜனவரி 1 அன்று ஒசாமு டெசுகாவின் ஆட்டம், அதாவது வெளிநாட்டில் ஆஸ்ட்ரோ பாய் என்று சொல்வார்களே, அந்தத் தொடர் தொடங்கியது. பணம் போட்டது மெய்ஜி என்ற மிட்டாய்க் கம்பெனி. அதன் மார்பிள் சாக்லேட்டோடு ஆட்டம் ஸ்டிக்கர் இலவசம் என்றதும் பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போனார்கள். படம் எடுக்கிற செலவுக்கு டிவி கொடுத்த காசு போதாது, இந்த மாதிரிச் சாமான் விற்பனையில்தான் ஈடுகட்டினார்கள். அன்றிலிருந்து அனிமேயும் பொம்மையும் ஒரு கொடியில் இரண்டு காய்.

1974-ல் மசிங்கர் ஸெட் என்ற இயந்திர மனிதனை உலோகக் கலவையில் வார்த்து விற்றார்கள். சொகோக்கின் என்று பெயர். கனமான பொம்மை, கையில் எடுத்தாலே பெருமை. பையன்கள் மயங்கினார்கள்.

அடுத்து ஒரு வேடிக்கை நடந்தது. 1979-ல் குண்டம் என்ற தொடர் வந்தது. போர், அகதிகள், சொந்தக்காரர்களை இழக்கிற பையன் என்று கனமான கதை. அதற்குப் பணம் போட்ட பொம்மைக் கம்பெனி, சின்னப் பிள்ளைகளுக்கான பளபளப்புப் பொம்மைகளைச் செய்து கடையில் வைத்தது. விற்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தது உயர்நிலைப் பள்ளியும் கல்லூரியும் படிக்கிற பிள்ளைகள், அவர்களுக்கு அந்தப் பொம்மை தேவையில்லை. 52 வாரம் ஓட வேண்டிய தொடர் 43-ல் முடிந்து, 1980 ஜனவரியில் நின்றது. அதே வருஷம் ஜூலையில் பண்டாய் 300 யென்னுக்கு ஒட்டிச் செய்கிற பிளாஸ்டிக் மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தது. வரிசையில் நின்று வாங்கினார்கள். கதை வயதையும் கை வயதையும் சரியாகப் பொருத்தினால் என்ன ஆகும், தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

கதை வயதில் தவறு செய்தது வியாபாரிகள் மட்டுமில்லை. 1988 ஏப்ரல் 16 அன்று ஜிப்ளி ஸ்டுடியோ இரண்டு படங்களை ஒரே டிக்கெட்டில் வெளியிட்டது. ஒன்று மியாசாகியின் 'என் பக்கத்துவீட்டு டோட்டோரோ'. காட்டுக்குள் இருக்கிற புசுபுசுவென்ற பெரிய பிராணியும் இரண்டு சின்னப் பெண்களும். இன்னொன்று தகாஹாத்தாவின் 'மின்மினிகளின் கல்லறை'. போர்க்காலத்தில் பசியால் சாகிற அண்ணன் தங்கை. டோட்டோரோ பார்க்க வந்த குடும்பங்கள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தன. எந்தப் படம் முதலில் ஓடியது என்பதைப் பொறுத்துப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டோ அழுதுகொண்டோ வீட்டுக்குப் போயிருப்பார்கள். இரண்டும் அற்புதமான படங்கள்தான். ஒரே கையால் ஒரே வயசுக்குக் கொடுக்க முடியாத படங்கள்.

டோட்டோரோ துணிப் பொம்மை கடைக்கு வந்தது படம் வந்து சுமார் இரண்டு வருஷம் கழித்து. அந்த விற்பனைதான் ஜிப்ளியின் பண நெருக்கடியைத் தீர்த்தது. கட்டிப்பிடித்துத் தூங்கலாம், கழன்று விழ ஒன்றுமில்லை. உடம்பு வயதும் கதை வயதும் அதில் ஒத்துப்போயின.

*

இனி இந்தச் சரக்கு நம் வீட்டுக்கு வந்த கதை. 1993-ல் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை மௌக்ளி வந்தான். ஹிந்தி எங்களில் யாருக்கும் தெரியாது, ஆனால் அந்தப் பாட்டை முணுமுணுக்காத பிள்ளை இல்லை. குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்தது. டிவி இருந்த வீட்டின் முன்னறையில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருப்போம். அது ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் 1989-ல் எடுத்த 52 வாரத் தொடர் என்பது எனக்கு டோக்கியோ வந்த பிறகுதான் தெரியும். அன்று எங்களுக்கு அது கார்ட்டூன். படமாக வரைந்தால் கார்ட்டூன், கார்ட்டூன் என்றால் பிள்ளைகளுக்கு. அவ்வளவுதான் கணக்கு.

மௌக்ளி விஷயத்தில் அந்தக் கணக்கு தப்பவில்லை. தப்பியது ஷின்-சானில்.

யோஷிதோ உசுய் ஷின்-சானை 1990-ல் வரையத் தொடங்கியது வளர்ந்த ஆண்கள் படிக்கிற ஒரு வாரப் பத்திரிகையில். ஐந்து வயசுப் பையன் பேசுகிற பேச்சைக் கேட்டுச் சிரிக்க வேண்டியவர்கள் அவன் அப்பா வயசுக்காரர்கள். 1992-ல் அது டிவிக்கு வந்து குடும்பத்தோடு பார்க்கிற தொடர் ஆனது. ஜப்பானிலேயே பெற்றோர்-ஆசிரியர் சங்கக் கூட்டமைப்பு எடுத்த கருத்துக் கணிப்புகளில், பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பாத நிகழ்ச்சிகள் பட்டியலில் அது வருஷா வருஷம் இடம்பிடித்தது. 2006-ல் ஹங்காமா டிவி வழியாக இந்தியா வந்தது. தமிழிலும் பேசினான். 2008-ல் புகார்கள் பெருகி நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது, 2009-ல் பல காட்சிகளை வெட்டிய பிறகு திரும்பி வந்தது.

ஷின்-சானைத் திட்டுவது என் நோக்கமில்லை. எனக்குப் பிடித்த தொடர் அது. பெரியவர்களுக்காக வரைந்தது என்ற சீட்டு அதன் முதல் பெட்டியில் ஒட்டியிருந்தது. பத்திரிகையிலிருந்து டிவிக்கு வந்தபோது சீட்டு பாதி கிழிந்தது. கடல் தாண்டி நம்மிடம் வந்தபோது முழுசாகப் போய்விட்டது. நான் பெட்டியைத் தூக்கிப் போட்டதைப் போல!

சுட்டி டிவி 2007-ல் வந்தது, மலையாளத்தில் கொச்சு டிவி 2011-ல் வந்தது. காரோட்டுப் பிள்ளைகளுக்கு ரிமோட்டில் இரண்டு மொழியும் அடுத்தடுத்த பொத்தான். இப்போது போனில் எல்லாம் கிடைக்கிறது. ஜப்பானியப் பதிப்பகம் போட்ட வகுப்பு வேலியும் இல்லை, பக்கத்தைத் தாண்டி வாசிக்கிற அம்மச்சியும் பக்கத்தில் இல்லை. அந்த இடைவெளிக்குள்தான் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாமன்மார் பரிசோடு வந்து நிற்கிறோம்.

*

உடம்பு வயதுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது அழவைக்கிற வரலாறு.

1997 டிசம்பர் 16 மாலை ஜப்பானில் போக்கிமான் ஒளிபரப்பானபோது சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் படபடவென்று மாறி மாறி அடித்தது. வலிப்பு, மயக்கம், வாந்தி என்று சுமார் 685 பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். தொடர் நான்கு மாதம் நின்றது. 1998-ல் ஒளிபரப்பாளர்கள் வெளிச்ச மாற்றத்துக்கு விதி வகுத்தார்கள். அறையை வெளிச்சமாக வைத்து டிவியிலிருந்து தள்ளி உட்காருங்கள் என்று இங்கே பிள்ளைகள் நிகழ்ச்சிக்கு முன்னால் இன்றும் போடுவது அதனால்தான்.

1999-ல் அமெரிக்காவில் பர்கர் கிங் உணவோடு இலவசமாகப் போக்கிமான் பந்து கொடுத்தார்கள். இரண்டு பாதியாகத் திறக்கிற பிளாஸ்டிக் பந்து. அந்த டிசம்பரில் 13 மாதக் குழந்தை ஒன்று, பந்தின் பாதி மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டதில் மூச்சுமுட்டி இறந்தது. டிசம்பர் 27 அன்று இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட பந்துகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அடுத்த மாதம் இன்னொரு கைக்குழந்தையும் அதே விதத்தில் இறந்தது. அந்தப் பந்து அண்ணனுக்கோ அக்காளுக்கோ கிடைத்திருக்கலாம். ஒரு வீட்டுக்குப் போகிற பொம்மை அந்த வீட்டில் இருக்கிற கடைசிக் குழந்தையின் கைக்கும் போகும். இதைப் படித்த அன்று எனக்கு எங்கள் வீட்டு அம்மாவின் குரல்தான் கேட்டது. தொற, வாயத் தொற...

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஜப்பானில் மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2025 டிசம்பர் 25 முதல் தனிச் சட்ட முத்திரை வந்தது. சோதனைச்சாலையில் சின்னத் துண்டுகளைப் பரிசோதிக்க ஒரு குழல் வைத்திருக்கிறார்கள், விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுசாக அடங்கும் எந்தத் துண்டும் மூன்று வயதுக்குக் கீழே ஆகாது. வீட்டில் டாய்லெட் பேப்பர் சுற்றிவருகிற அட்டைக் குழல் அதைவிடச் சற்றுப் பெரியது. அதற்குள் போகிற துண்டைச் சின்னப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். காசு செலவில்லாத சோதனை.

கதை வயதுக்கும் சீட்டுகள் இருக்கின்றன. ஆனால் நாட்டுக்கு நாடு மாறும். டீமன் ஸ்லேயர் தொடரின் 2020 திரைப்படத்துக்கு ஜப்பானில் பி.ஜி.12, அதாவது 12 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் யோசித்துக் கூட்டிப் போகலாம். அதே படத்துக்கு அமெரிக்காவில் ஆர், 17 வயதுக்குக் கீழே பெரியவர் கூட வராமல் நுழைய முடியாது. அடுத்த படம் 2025 செப்டம்பரில் தமிழ் பேசிக்கொண்டே நம் ஊர்த் திரைக்கு வந்தது. இந்தியாவில் இணையவழிப் படங்களுக்கு 2021 முதலும், திரையரங்குப் படங்களுக்கு 2024 முதலும் யு.ஏ. 7+, 13+, 16+ என்ற பிரிவுகள் உண்டு. பொம்மை வாங்குமுன் அந்தத் தொடரின் பெயரைத் தட்டி, ஓரத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்க்க அரை நிமிஷம் போதும்.

பொம்மையிலும் இதே கதைதான். பேபிளேட் பம்பரத்தின் ஜப்பானியப் பெட்டியில் 6 வயது என்றிருக்கும், ஹாஸ்ப்ரோவின் மேல்நாட்டுப் பெட்டியில் 8 என்றிருக்கும். பம்பரம் அதேதான். சந்தேகம் என்றால் பெரிய எண்ணை எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

*

நான் இப்போது பின்பற்றுவதைச் சொல்கிறேன்.

மூன்று வயதுக்குள்: துணிப் பொம்மை மட்டும், கண் நூலால் தைத்ததாக இருக்க வேண்டும். ஒட்டிய பிளாஸ்டிக் கண் வேண்டாம். டோட்டோரோ, அன்பான்மான் மாதிரிச் சாந்தமான முகங்கள்.

மூன்று முதல் ஐந்து: டோரேமான், பெரிய துண்டுகள் கொண்ட படப் புதிர், படப் புத்தகம். வெளிச்சமும் சத்தமும் வருகிற மந்திரக்கோல், இடுப்புப் பட்டை வகையில் பட்டன் பேட்டரி இருக்கும். விழுங்கினால் இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். மூடி திருகாணி போட்டு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். குட்டிக் காந்தம் உள்ள எதுவும் வேண்டாம். இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும்.

ஆறு முதல் எட்டு: பேபிளேட், போக்கிமான் சீட்டுகள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அவை உயரத்தில்.

எட்டுக்கு மேல்: எளிய குண்டம் மாதிரிகள். தொடக்கநிலைப் பெட்டிகளில் 8 என்றும், சிக்கலானவற்றில் 15 என்றும் போட்டிருக்கும். வாள்வீரன் கதைகள் பத்து வயசுக்கு மேல், அதுவும் பெரியவர் பக்கத்தில் இருந்து பார்த்தால் நல்லது. அலமாரி உருவங்கள் 15 வயசுக்காரனுக்கு. அல்லது நமக்கு :-)

பேபிளேட் பற்றி ஒரு சின்னச் செய்தி. அது புதுச் சரக்கு இல்லை. ஜப்பானில் பேகோமா என்று பழைய பம்பரம் உண்டு. சங்கு மாதிரியான சிப்பிக்குள் மணலை அடைத்து, மெழுகால் மூடி, கயிறு சுற்றி விட்ட விளையாட்டு. பிற்பாடு இரும்பில் வார்த்தார்கள், 1999-ல் பிளாஸ்டிக்கில் பேபிளேட் ஆனது. சாட்டை சுற்றிப் பம்பரம் விட்ட காரோட்டுக்காரனுக்கு அதைக் கையில் எடுத்ததும் ஊர் ஞாபகம் வந்தது.

*

போன வருஷம் ஊருக்குப் போகுமுன் கடைக்குப் போகவில்லை. முதலில் தங்கச்சிக்குப் போன் போட்டேன். இன்னும் வாயில் வைக்கிறானா? உறக்கம் வரும்போது வைப்பான் அண்ணா. எதைக் கண்டால் பயம்? இருட்டு, பெரிய கண்ணு. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை உண்டா? உண்டு, எப்பவும் இங்கதான் கிடக்கும். இப்போ எதில் ஆசை? அவள் சிரித்தாள். "சாயாக்கடைப் பன்னு. ரெண்டு கையிலயும் பிடிச்சிட்டு நடப்பான், கேட்டியளா."

பன்னு என்றதும் எனக்கு வேறு யோசனை வேண்டியிருக்கவில்லை.

அன்பான்மானின் தலையே ஒரு பன். இனிப்புச் சிவப்புப் பயறு வைத்த ஜப்பானிய பன். நம்மூர்ச் சாயாக்கடை சுகியன் ருசிக்குத் தூரத்துச் சொந்தம். பசித்தவன் எதிரே வந்தால் தன் முகத்தைப் பிய்த்துக் கொடுப்பான். வரைந்த தகாஷி யானாசே போருக்குப் போய்ப் பட்டினி என்றால் என்ன என்று கண்டவர். பசித்தவனுக்குச் சோறு போடுவதுதான் எந்த நாட்டிலும் மாறாத நீதி என்று நம்பினார். 1969-ல் முதலில் பெரியவர்களுக்கான கதையாகத்தான் எழுதினார். 1973-ல் பிள்ளைகளுக்கான படப் புத்தகமாக்கியபோது, முகத்தைத் தின்னக் கொடுக்கிறவன் பிள்ளைகளுக்கு ஆகாது என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். பிள்ளைகள் கேட்கவில்லை, புத்தகம் கிழியும் வரை படித்தார்கள். 1988-ல் டிவிக்கு வந்தது, இன்றைக்கும் ஜப்பானில் நடக்கப் பழகுகிற பிள்ளைகளின் முதல் சிநேகிதன் அவன்தான்.

துணிப் பொம்மை ஒன்றும் படப் புத்தகம் ஒன்றும் வாங்கினேன். அட்டைப் பெட்டியை எறியவில்லை.

கொடுத்ததும் அம்மா பெயரைக் கேட்டாள். சொன்னேன்.

"அன்பான மானா? இதுல மான் எங்க மக்களே?"

பையனுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. முகத்தைப் பார்த்தான், "பன்னு மாமன்" என்றான். அன்று ராத்திரி அலமாரியைப் பூட்ட வேண்டியிருக்கவில்லை. புத்தகத்தை என் அம்மாதான் வாசித்தாள். ஜப்பானிய எழுத்து அவளுக்கு எங்கே தெரியும், படத்தைப் பார்த்துத் தன் இஷ்டத்துக்குக் கதை கட்டினாள். கெட்டவன் வருகிற இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் பிடித்துத் தாண்டியதை நான் பார்த்தேன்.

என் அம்மச்சி பக்கம் தாண்டுவதும் இப்படித்தான்.

அடுத்த லீவுக்குச் சாமான் கட்டும்போது நீங்களும் கடைக்கு முன்னால் ஒரு போன் போட்டுவிடுங்கள். பெட்டியில் இருக்கிற எண் வேண்டும்தான். அந்தப் பிள்ளை உறக்கம் வரும்போது வாயில் என்ன வைக்கும் என்று தெரிந்த ஆள், போனின் அந்தப் பக்கம் இருக்கிறார்.